புகையை விட உதவும் மனக்கவனச் செயலிகள்: வாங்கலாமா, வேண்டாமா?

வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நிறுவனத்தில் பணியாளர் நலக் குழு என்று ஒன்று இருக்கிறது. மைண்ட்ஃபுல்னெஸ் எனப்படும் மனக்கவனப் பயிற்சியைக் கைப்பேசி வழியாகத் தந்து புகைப்பழக்கத்தை விடவைக்கும் செயலி ஒன்றுக்கு, பணியாளர்கள் சார்பில் ஆண்டுச் சந்தா கட்டலாமா என்று அந்தக் குழு ஆலோசித்துவருகிறது. விற்க வந்தவர்கள் ஓர் ஆய்வை மட்டும் பெரிதாகக் காட்டினார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவர் ஜட்சன் ப்ரூவர் குழுவினர் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வு அது. நாளுக்குச் சராசரியாக 20 சிகரெட் பிடித்துவந்த 88 பேரில் ஒரு பிரிவினருக்கு மனக்கவனப் பயிற்சியும், மற்றவர்களுக்கு அமெரிக்க நுரையீரல் சங்கத்தின் வழக்கமான பயிற்சியும் தரப்பட்டன. பயிற்சி முடிந்தபோது முதல் பிரிவில் 36 சதவீதத்தினரும் இரண்டாம் பிரிவில் 15 சதவீதத்தினரும் புகையை நிறுத்தியிருந்தனர். 17 வாரக் கணக்கில் பார்த்தபோது அது முதல் பிரிவில் 31 சதவீதம், இரண்டாம் பிரிவில் 6 சதவீதம் என்றாகி இடைவெளி இன்னும் கூடியிருந்தது.

வீட்டுக்கு வந்து தேடியபோது, அதே ஆய்வாளர்கள் பங்கேற்ற 2020-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று கண்ணில் பட்டது. அதில் செயலி வழியாகப் பயிற்சி பெற்றவர்களுள் ஆறு மாதம் கழித்து 9.8 சதவீதத்தினர் மட்டுமே புகையற்றிருந்தனர். பயிற்சி பெறாத ஒப்பீட்டுப் பிரிவிலோ 12.1 சதவீதம். இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது? ஆய்வுகளை வாசித்தவர்களும், இத்தகைய செயலியைப் பயன்படுத்திப் பார்த்தவர்களும் எழுதினால் குழுவில் பேச எனக்கு உதவியாக இருக்கும்.

நிழல்மரம்

வைகைக்கரை அவர்களுக்கு வணக்கம். அந்த இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. அவை சோதித்துப் பார்த்ததே வெவ்வேறு. 2011 ஆய்வில் செயலியே கிடையாது. வாரத்துக்கு இரண்டு அமர்வு என்ற கணக்கில் நான்கு வாரம், பயிற்றுநர் ஒருவரின் எதிரே குழுவாக உட்கார்ந்து கற்றார்கள். விட்டுவிட்டோம் என்று சொன்னவர்களின் மூச்சில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு இருக்கிறது என்று அளந்தும் பார்த்தார்கள். வகுப்பறையில் கிடைத்த எண்ணைக் காட்டிச் செயலியை விற்பது எப்படி நியாயம் என்று உங்கள் குழு அவர்களிடம் கேட்கத்தான் வேண்டும்.

'கிரேவிங் டு க்விட்' என்ற செயலியைச் சோதித்தது 2020 ஆய்வு. கேத்லீன் கேரிசன் அதன் முதன்மை ஆசிரியர். குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட 505 பேரில் 325 பேரின் தரவுகள் பகுப்பாய்வில் சேர்க்கப்பட்டன. அவர்களுள் ஒரு பிரிவினருக்கு அன்றாடப் பாடங்களும் பயிற்சிகளும் வந்தன. அவற்றோடு, 'இப்போது புகைக்க வேண்டும் என்ற வேட்கை எவ்வளவு, புகைத்தீர்களா' என்ற கேள்விகள் நாளுக்குப் பல முறை வந்தன. மற்ற பிரிவினருக்குக் கேள்விகள் மட்டும். நீங்கள் சொன்ன 9.8-க்கும் 12.1-க்கும் இடையிலான வேறுபாடு புள்ளியியல் கணக்கில் பொருட்படுத்தத்தக்கதல்ல என்பதால், பயிற்சி கெடுதல் செய்தது என்றும் சொல்ல முடியாது, கூடுதல் நன்மை செய்தது என்றும் சொல்ல முடியாது.

ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது, விற்பனைப் படங்களில் அது ஏனோ இடம்பெறுவதில்லை. பயிற்சி பெற்றவர்களிடம் வேட்கைக்கும் புகைத்தலுக்கும் இடையே இருந்த பிணைப்பு தளர்ந்திருந்தது. மற்றவர்களுக்கு வேட்கை ஏற ஏறச் சிகரெட்டும் கூடியது. இவர்களிடம் அந்தத் தொடர்பு அவ்வளவு இறுக்கமாக இல்லை. இந்த முறையின் அடிப்படையே அதுதான். மனம் கனக்கும்போது ஒரு சிகரெட், அதைப் பிடித்ததும் சற்று ஆறுதல், அடுத்த முறை கனக்கும்போது மூளை தானாகவே அதைக் கேட்கும். இந்தச் சுழலில், வேட்கையை அடக்குவதும் வேறு வேலையில் மனத்தைத் திருப்புவதும் பழைய வழி. மனக்கவனப் பயிற்சி அப்படிச் செய்யாமல், வேட்கை வந்திருக்கிறது என்று அறிந்து, அதை இருக்கவிட்டு, உடம்பில் அது எங்கே எப்படி இருக்கிறது என்று உற்றுப் பார்த்து, கணத்துக்குக் கணம் அது மாறுவதைக் குறித்துக்கொண்டே இருக்கச் சொல்கிறது. பெரும்பாலான வேட்கைகள் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தாமாகவே இறங்கிவிடும். அதைத் தன் உடம்பிலேயே சில முறை கண்டுகொண்டவருக்கு, அடுத்த வேட்கை ஓர் ஆணையாகத் தெரிவதில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஆலன் மார்லட் இதை ஒரு சிகிச்சை நுட்பமாக முன்பே வகுத்திருந்தார். செயலி அதைச் சட்டைப்பைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

கணக்கர்_திருச்சி

நிழல்மரம் அவர்களின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் பணம் கட்டப்போகும் குழுவுக்கு, 'பிணைப்பு தளர்ந்தது' என்பது போதாது. எத்தனை பேர் விட்டார்கள் என்பதுதான் அவர்களுக்கு வேண்டிய கணக்கு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2022-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, மனக்கவனத்தை அடிப்படையாகக் கொண்ட புகை நிறுத்த முறைகள் குறித்த 21 ஆய்வுகளை, மொத்தம் 8,186 பேரை, ஒருங்கே எடுத்துப் பார்த்தது. மற்ற முறைகளைவிடவோ எதுவும் செய்யாமல் இருப்பதைவிடவோ இவை கூடுதலானவர்களைப் புகையிலிருந்து விடுவிக்கின்றன என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்பதே அதன் முடிவு. சான்றுகளின் உறுதி குறைவு என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே பயனில்லை என்று நிரூபணமாகிவிட்டதாகவும் இதைத் திரிக்கக் கூடாது.

இன்னொரு செய்தியையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். ப்ரூவர், தம் ஆய்விலிருந்து பிறந்த செயலியை விற்ற நிறுவனத்தில் பங்கு வைத்திருந்தவர். அதை ஆய்வுக் கட்டுரைகளிலேயே அறிவித்திருக்கிறார் என்பதால் இதில் ஒளிவுமறைவு இல்லை. தமக்கே பங்குள்ள செயலிக்குச் சாதகமாக அமையாத முடிவையும் வெளியிட்ட குழு என்ற வகையில் என் மதிப்பு கூடத்தான் செய்கிறது. ஆனால் விற்பனையாளர்கள் சாதகமான பழைய எண்ணை மட்டும் கையில் ஏந்தி வருவது வேறு கதை.

கரும்பலகை

நான் ஆய்வாளன் அல்லன். பல ஆண்டுகள் புகைத்து, இப்போது விட்டிருப்பவன். இத்தகைய செயலி ஒன்றைப் பயன்படுத்தினேன் என்பதால் எழுதுகிறேன். செயலியின் பெயர் இங்கே தேவையில்லை.

எனக்கு வியப்பளித்த பாடம், சிகரெட்டை விடு என்று சொல்லாமல், பிடி, ஆனால் கவனித்துப் பிடி என்று சொன்ன பாடம்தான். எங்கள் அலுவலகத்துக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையில், கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் லைட்டரில் பற்றவைத்து, ஒரு கையில் தேநீரும் மறு கையில் கைப்பேசியுமாகப் பேசிக்கொண்டே முடித்துவிடுவது என் வழக்கம்; அப்படிப் பிடித்த சிகரெட்டின் சுவை என்ன என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. பாடத்துக்காகப் பேச்சை நிறுத்தி, தேநீரையும் கீழே வைத்துவிட்டு, தனியாக நின்று ஒவ்வோர் இழுப்பாகக் கவனித்தேன். முதல் இழுப்பில் தலையில் ஒரு சிறு கிறக்கம் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். அடுத்தடுத்த இழுப்புகளில் நாக்கின் நடுப்பகுதி வறண்டு, தொண்டையில் கரகரப்பும் அடிநாக்கில் ஒரு கசப்பும்தான் மிஞ்சின. பாதிக்கு மேல் நான் பிடித்தது கை பழகிவிட்ட காரணத்தால் மட்டுமே. புகை கெடுதல் என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது நன்றாகவும் இல்லையே என்று எனக்கு நானே கண்டுகொண்டது அப்போதுதான்.

குறைகளும் உண்டு. 'இப்போது எப்படி உணர்கிறீர்கள்' என்ற அறிவிப்பு பெரும்பாலும் நான் சிகரெட்டை நினைக்காத நேரத்தில்தான் வந்தது, வந்தவுடன் அதை நினைக்கவும் வைத்தது. தவிப்பு வந்த நேரத்திலோ, செயலியைத் திறந்து பயிற்சியைத் தேடி ஒலியைக் கேட்கும் பொறுமை எனக்கு இருந்ததில்லை. கைப்பேசியைக் கையில் எடுப்பதே எனக்குப் புகைக்கத் தூண்டும் செயல்களில் ஒன்று என்பதையும் சொல்ல வேண்டும். அந்த இரண்டும் என் கைகளில் அத்தனை காலம் சேர்ந்தே இருந்திருக்கின்றன. ஆகவே வீட்டில் இரவு பாடத்தைக் கேட்டுப் பழகிக்கொண்டு, பகலில் கைப்பேசி இல்லாமலே செய்தேன். தவிப்பு எனக்கு நெஞ்சுக்குழிக்குச் சற்று மேலே ஓர் இறுக்கமாகவும், தாடையில் ஒரு பிடிப்பாகவும் வரும். அதை விரட்டாமல் நின்று பார்ப்பேன். சில நேரம் போய்விடும், சில நேரம் போகாது. போகாத நேரங்களுக்கு மருத்துவர் சொன்ன நிக்கோடின் மெல்லும் கோந்து சட்டைப்பையில் இருந்தது. எதனால் விட்டேன் என்று கேட்டால் இரண்டில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

மருந்தகம்_சேலம்

கரும்பலகை சொன்ன கடைசிச் செய்தியில்தான் இந்த இழை நிற்க வேண்டும் என்பது என் கருத்து. மருந்துக்கடையில் இருப்பவன் என்பதால் ஒருபக்கச் சார்பு என்று நினைத்தாலும் பரவாயில்லை.

நிக்கோடின் நுரையீரலிலிருந்து மூளைக்குச் சில விநாடிகளில் போய்ச் சேர்கிறது; இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகிறது. அதனால்தான் நிறையப் பிடிப்பவர், தூக்கம் கலைந்ததும் காபிக்கு முன்பே பெட்டியைத் தேடுகிறார். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவருடைய உடல் நிக்கோடினை நன்றாகவே சார்ந்துவிட்டது என்று கொள்ளலாம். ஐந்து நிமிடத்துக்குள் என்றால் சார்பு மிக அதிகம். அவர் விட்ட முதல் சில நாள்களில் எரிச்சல், தூக்கமின்மை, பசி, கவனச் சிதறல் எல்லாம் உச்சத்தில் இருக்கும், அடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். கவனம் சிதறுவதே அறிகுறியாக இருக்கும் ஒருவரிடம், முதல் நாளிலேயே கண்ணை மூடிக் கவனத்தைக் குவிக்கச் சொல்வது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். மருந்து அந்தத் தவிப்பின் உயரத்தைக் குறைக்கும். குறைந்ததை எதிர்கொள்ளப் பயிற்சி உதவும்.

கோந்தைப் பற்றியும் ஒரு சொல். வாங்கிப் போகிறவர்களில் பலர் அதைச் சூயிங்கம் போலவே மென்று தீர்த்துவிட்டு, தொண்டை எரிகிறது, விக்கல் வருகிறது, இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வருகிறார்கள். மெதுவாக மெல்ல வேண்டும். காரம் போல ஒரு சுரீர் உணர்வு வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். அது அடங்கியதும் மீண்டும் சற்று மென்று மறுபக்கம் ஒதுக்க வேண்டும். இப்படியே அரை மணி நேரம் போகும். காபியோ குளிர்பானமோ குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் நிக்கோடின் சரியாக உறிஞ்சப்படாது. தேநீர்க்கடையில் நின்றுகொண்டு கோந்து மெல்பவருக்கு அது வேலை செய்யாததன் காரணம் பெரும்பாலும் இதுவே. புகையை விட உதவும் வாரெனிக்லின், புப்ரோபியான் போன்ற மாத்திரைகளை மருத்துவரைப் பார்க்காமல் எடுக்கக் கூடாது. இருதய நோய் உள்ளவர்களும் கருவுற்றிருப்பவர்களும் கோந்துக்கே மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

நெய்தல்

பேச்சு முழுவதும் சிகரெட்டையும் ஸ்மார்ட்போனையும் சுற்றியே போவதால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இந்தியாவில் 2016-17-இல் எடுக்கப்பட்ட தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, வயதுவந்தோரில் 10.7 சதவீதத்தினர் புகைப்பவர்கள். வயதுவந்தோரில் பீடி பிடிப்பவர்கள் 7.7 சதவீதம், சிகரெட் பிடிப்பவர்கள் 4 சதவீதம்தான்; இரண்டையும் பிடிப்பவர்களும் உண்டு. என் அப்பா பீடி பிடிப்பவர். அவர் கையில் இருப்பது பட்டன் போன். ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தாலும், அமெரிக்க உச்சரிப்பில் ஆங்கிலத்தில் பேசும் குரலைக் கேட்டு வேட்கையை உற்றுப் பார்க்கச் சொன்னால், 'ஏம்மா, எனக்கு வேறு வேலை இல்லையா' என்றுதான் கேட்பார். வைகைக்கரை அண்ணா, உங்கள் நிறுவனத்தில் ஓட்டுநர்களும் காவலாளிகளும் துப்புரவுப் பணியாளர்களும் இருப்பார்கள் அல்லவா? சந்தா கட்டினால் அது மேல்மாடிக்கு மட்டும் போய்ச் சேரும்.

புகையிலையை விட உதவும் அரசின் இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356 இருக்கிறது. சிகரெட் பெட்டிகளிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ மையமும் இந்தச் சேவையில் இருப்பதால் தென்னிந்திய மொழிகளிலும் பேச முடிகிறது. அங்கே பேசுவது ஒரு மனிதர் என்பது அப்பாவைப் போன்றவர்களுக்குப் பெரிய செய்தி.

நிழல்மரம்

நெய்தல் அவர்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன், அதற்கு ஆய்வின் துணையும் உண்டு. காக்ரேன் 2019-இல் கைப்பேசி வழி முறைகளைத் தொகுத்தபோது, தானாக அனுப்பப்படும் குறுஞ்செய்திகள் புகையை விடுவோரின் வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கின என்று கண்டது. செயலிகளுக்கு அப்படிப்பட்ட பயன் அப்போது தெரியவில்லை. பட்டன் போனில் வரும் எளிய செய்தி, பளபளப்பான செயலியை முந்திவிட்டது என்பதை விற்பனையாளர்கள் விரும்ப மாட்டார்கள்.

இருந்தாலும் செயலிகளை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. சியாட்டிலில் உள்ள ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் மையத்தின் ஜோனத்தன் பிரிக்கர் குழு, 'ஐகேன்க்விட்' என்ற செயலியை 2,415 பேரிடம் சோதித்து 2020-இல் வெளியிட்டது. ஏற்பு-உறுதி சிகிச்சை என்ற முறையில் அமைந்த செயலி அது. தியானப் பயிற்சி என்று அதைச் சொல்ல முடியாவிட்டாலும், வேட்கையை விரட்டாமல் இருக்கவிடுவது என்ற அடிப்படை இதற்கும் பொது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் 'க்விட்கைட்' செயலி ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டது. தூண்டுதல்களைத் தவிர்க்கச் சொல்லும் வழக்கமான முறை அதனுடையது. ஓராண்டு முடிவில், முந்தைய 30 நாள்களும் புகைக்காதவர்கள் முதல் பிரிவில் 28.2 சதவீதம், மற்றதில் 21.1 சதவீதம். இவை அவர்களே சொன்ன பதில்கள், மூச்சோ உமிழ்நீரோ சோதிக்கப்படவில்லை என்பதால், இந்த 28-ஐ மூச்சுச் சோதனை நடந்த ஆய்வுகளின் எண்களோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனால் இரு பிரிவுகளும் ஒரே முறையில் கேட்கப்பட்டதால் இடைவெளிக்கு மதிப்பு உண்டு.

2020 கேரிசன் ஆய்வைப் பற்றி என் சொந்தக் கருத்து ஒன்றையும் சேர்க்கிறேன். இது ஆய்வாளர்களின் கூற்றல்ல. ஒப்பீட்டுப் பிரிவினர் சும்மா இருக்கவில்லை. வேட்கை எவ்வளவு என்று நாளுக்குப் பல முறை தம்மைத் தாமே கேட்டுப் பதில் எழுதியவர்கள் அவர்கள். கவனித்தலின் ஒரு பகுதி அங்கேயே நடந்துவிட்டது. எனவே அந்த ஆய்வு 'பயிற்சி எதிர் ஒன்றுமில்லாமை' அல்ல. 'கவனித்தலோடு பாடமும் எதிர் கவனித்தல் மட்டும்' என்று பார்ப்பதே பொருத்தம். அப்படியானால் பணம் கேட்கும் பாடங்களைவிட, ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதுவதே ஓரளவு வேலை செய்யுமோ என்ற கேள்வி எழுகிறது.

கணக்கர்_திருச்சி

குறிப்பேட்டுக்குத் தானாகப் புதுப்பிக்கும் சந்தா கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் தம்பி ஒரு செயலியை நீக்கிய பிறகும் ஆண்டுக் கட்டணம் அட்டையிலிருந்து போய்விட்டது. செயலியை நீக்குவது வேறு, சந்தாவை ரத்து செய்வது வேறு என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

வைகைக்கரை

எழுதிய அனைவருக்கும் நன்றி. நெய்தல் கேட்டது எங்கள் குழுவில் யாரும் கேட்காத கேள்வி; எங்கள் நிறுவனத்தில் வாகனப் பிரிவில்தான் புகைப்பவர்கள் அதிகம், செயலியை முயன்று பார்க்க முன்வந்தவர்களோ எல்லாரும் கணினிப் பிரிவினர்.

குழுவில் நான் வைக்கப்போவது இதுதான். ஆண்டுச் சந்தாவுக்குப் பதிலாக, அந்தத் தொகையில் மருத்துவர் ஒருவர் மாதத்துக்கு இரண்டு முறை வந்து பார்ப்பதற்கும், அவர் எழுதிக்கொடுக்கும் கோந்துக்கும் மாத்திரைக்கும் செலவு செய்யலாம். வாகனப் பிரிவின் ஓய்வறையில் இலவசத் தொலைபேசி எண்ணைத் தமிழில் பெரிதாக எழுதி வைக்கலாம், அங்கிருந்து பேசப் பணி நேரத்திலேயே அனுமதி தரலாம். மனக்கவனப் பயிற்சியை விரும்புகிறவர்களுக்கு, செயலியை மட்டும் கொடுத்துவிடாமல், பயிற்றுநர் ஒருவரை வைத்து நான்கு வார வகுப்பாக நடத்தலாம்; 31 சதவீதம் என்ற அந்த எண் வகுப்பிலிருந்துதானே வந்தது. விற்க வந்தவர்களிடமும் ஒன்று கேட்கப்போகிறேன்: உங்கள் செயலியைத் தொடங்கியவர்களில் கடைசிப் பாடம் வரை போனவர்கள் எத்தனை பேர், ஆறாவது மாதத்தில் மூச்சுச் சோதனையில் தேறியவர்கள் எத்தனை பேர்?

மருந்தகம்_சேலம் அவர்களுக்கு ஒரு கேள்வி. வகுப்பையும் மருந்தையும் ஒரே நாளில் தொடங்கலாமா, முன்பின்னாகத் தொடங்க வேண்டுமா?

மருந்தகம்_சேலம்

விடும் நாள் என்று ஒரு தேதியை முதலில் குறிக்கச் சொல்லுங்கள். வகுப்பு அதற்கு ஓரிரு வாரம் முன்பே தொடங்கினால், கரும்பலகை சொன்ன 'கவனித்துப் பிடிக்கும்' பாடத்தைப் புகைக்கும்போதே செய்துபார்க்க முடியும். வாரெனிக்லின் எழுதப்பட்டால் அதையும் வழக்கமாக அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குவார்கள். கோந்து பெரும்பாலும் விடும் நாளிலிருந்து. யாருக்கு எது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் வாரத்தில் மட்டும் அந்தத் தேதியை வைத்துவிடாதீர்கள்.